அவர் பேசி முடிக்கட்டும்

போன மாதம் நிவேதாவிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. நான் வேலை பார்த்த பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், நேரில் பார்த்ததில்லை. "மேடம், எடிட்டரோட பழைய புரோகிராம்ல ஒரு வரி இருக்குது. எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. நாங்க புதுசா வெச்சிருக்கிற ஏஐ அது தேவையே இல்லன்னு சொல்லுது. எடுத்துடலாமா?" என்று கேட்டிருந்தாள். கூடவே அந்த வரியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

கம்ப்யூட்டரை அரை நொடி காத்திருக்கச் சொல்லும் வரி அது. பின்னால் வருகிறவர்களுக்காக நாங்கள் பக்கத்தில் சின்னக் குறிப்பு எழுதி வைப்போம். அந்தக் குறிப்பு தமிழில் இருந்தது: 'அவர் பேசி முடிக்கட்டும்.' எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்.

"எடுக்காதே" என்று பதில் போட்டேன். "ஏன்?" என்றாள். நியாயமான கேள்வி. போனில் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் இருந்த சாம்பார் தீய்ந்துவிடும் என்பதால், எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவளிடம் ஒரு வரியைக் கேட்டால் ஒரு கட்டுரை வரும் என்பது அவளுக்குத் தெரியாது.

என் ஊர் கூரம். அப்பா, அம்மா இருவரும் ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் கணக்குப் படித்தேன், அப்புறம் கம்ப்யூட்டர் படித்தேன், ஒன்பது வருஷம் ரயிலேறி சென்னைக்குப் போய் வந்தேன். அந்த ஒன்பது வருஷத்துக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பிறகு காஞ்சிபுரத்திலேயே, காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்பெனியில் சேர்ந்தேன். கடைசிவரை அங்கேதான்.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஓடும் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதித் தருவது கம்பெனியின் தொழில். அதற்கென்று முதலாளி தாமே ஒரு புரோகிராம் மொழியை உருவாக்கி, தம் மகளின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்: மீரா. ஒருமுறை கல்லூரி விடுமுறையில் அந்தப் பெண் அப்பாவைப் பார்க்க ஆபீசுக்கு வந்தாள். படியேறும்போது உள்ளே யாரோ, "இந்த மீராவைத் திருத்தவே முடியாதுடா" என்று கத்தினார்கள். அப்படியே திரும்பிக் கீழே இறங்கிவிட்டாள். முதலாளியே போய்ச் சமாதானம் செய்து கூட்டி வந்தார்.

எங்கள் பிரிவின் வேலை மீராவில் புரோகிராம் எழுதுவது அல்ல. எழுதுகிறவர்களுக்குக் கருவி செய்து கொடுப்பது. அவர்கள் தட்டச்சு செய்யும் எடிட்டர், அதில் சொற்களுக்கு வரும் நிறம், தவறு செய்தால் விழும் சிவப்பு அடிக்கோடு, பாதிச் சொல் அடித்ததும் மீதியை எடுத்துக் கொடுக்கும் பட்டியல் எல்லாம் எங்கள் கைவேலை. ஒழுங்காக வேலை செய்யும்வரை எங்களை யாரும் நினைக்க மாட்டார்கள்.

எங்கள் தலைவர் சுலோச்சனா மேடம். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், கோபம் வந்தால் மௌனம். யாராவது ஒரு விஷயத்தை முடிவாகச் சொல்லிவிட்டு எழுந்தால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அப்புறம்?" என்பார். எழுந்தவர் உட்கார வேண்டியதுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் அரைகுறை யோசனையோடு அவர் மேசைக்கு வர மாட்டார்கள்.

அவரிடம் இரண்டு கறாரான பழக்கங்கள் இருந்தன. நாங்கள் எழுதும் பிழைச் செய்தி ஒவ்வொன்றையும் எதிரே ஒரு ஆளை உட்கார வைத்து, அவர் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரம். என் செய்தியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"பேப்பரைப் பாக்காத. என்னைப் பாத்து சொல்லு."

"எதிர்பாராத முடிவு. வரி இருநூற்றுப் பன்னிரண்டு."

"யாருக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"காலைல ஷிஃப்ட்டுக்கு வந்த ஆளும்மா. இன்னும் டீ கூட குடிக்கல. அவர்கிட்ட போயி எதிர்பாராத முடிவுன்னு சொன்னா, யாருக்கு என்ன ஆச்சோன்னு ஊருக்கு போன் போட்டுட்டு இருப்பாரு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நாற்பதாம் வரியில் திறந்த பிராக்கெட் இன்னும் மூடப்படவில்லை. ஐம்பத்திரண்டாம் வரிக்குப் பிறகு மூட நினைத்தீர்களா?"

"ம்," என்றார். "இது மனுஷங்க பேசுற பேச்சு."

செய்தி சின்னதுதான். ஆனால் அந்த ஐம்பத்திரண்டைக் கண்டுபிடிக்க மொழியைப் படிக்கும் பகுதியையே நான் பாதி மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு பழக்கம், பின்னால் உட்காருவது. புதிதாக எதைச் செய்யும் முன்னும், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டு கையும் தொடைக்கு அடியில். வாயைத் திறக்கக் கூடாது. அவர் தடுமாறினாலும், பக்கத்திலேயே இருக்கிற பொத்தானை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடினாலும், நமக்கு நாக்கு துடித்தாலும், பேசக் கூடாது. "நீ வாயைத் தொறந்து விளக்கினா, நீ செஞ்சது தோத்துடுச்சுன்னு அர்த்தம்" என்பார். ஒரு மணி நேரம் முடிந்து வெளியே வந்ததும், நினைவிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். எத்தனை முறை பெருமூச்சு விட்டார் என்பதுவரை.

அப்படித்தான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மீராவில் புரோகிராம் எழுதும் தணிகாசலம் என்பவர் பின்னால் உட்கார்ந்தேன். பெரிய புரோகிராம். அதில் வரும் ஒரு பெயரைப் பார்த்தால், அது எதைக் குறிக்கிறது என்று எழுதிய இடத்தைத் தேடி மேலே மேலே போவார். போகும் முன் தாம் இருந்த வரியின் எண்ணைப் பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொள்வார். அவர் மேசை முழுக்கப் பஸ் டிக்கெட்.

ஆபீசுக்கு வந்து ஒரு வசதி செய்தேன். பெயரின் மேல் ஒரு விசையை அழுத்தினால், அது பிறந்த இடத்துக்கே எடிட்டர் தாவிப் போகும். பெருமையாக எடுத்துக்கொண்டு போய் மறுபடி அவர் பின்னால் உட்கார்ந்தேன். அழுத்தினார். தாவியது. "அட!" என்றார். ஒரு நிமிஷம் அந்த இடத்தைப் படித்தார். பிறகு மெல்லத் திரும்பி, "ஏம்மா, வந்தது சரி. நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டார்.

கை தொடைக்கு அடியிலேயே இருந்தது. காது மட்டும் சுட்டது. போவதற்கு வழி செய்தவள் திரும்பி வருவதற்கு வழி செய்யவில்லை. அடுத்த வாரம் திரும்பி வரும் விசையையும் சேர்த்தேன். அதற்கு அடுத்த வாரம் தணிகாசலம் போன் செய்து, மேசையிலிருந்த பஸ் டிக்கெட்டை எல்லாம் வாரிக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். எனக்கு அன்று சம்பளம் உயர்ந்ததுபோல் இருந்தது.

இப்படிச் சில வருஷங்கள் வேலை செய்து, பழைய எடிட்டரைத் தூக்கிவிட்டு முழுக்கப் புதியது ஒன்றைச் செய்து முடித்தோம். நிறம், அடிக்கோடு, பட்டியல், தாவல் எல்லாம் அதில் இருந்தன. பொது மேலாளருக்கு ஒரே சந்தோஷம். தை பிறந்ததும் பழையது நிறுத்தப்படும், எல்லோரும் புதியதற்கு மாற வேண்டும் என்று அறிவித்துவிட்டார்.

மறுநாள் அந்தோணி அண்ணா என் மேசைக்கு வந்தார்.

அந்தோணிசாமி எங்கள் கம்பெனியிலேயே புகார்ப் பிரிவில் இருந்தவர். மாகறல் பக்கம். முப்பது வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் புரோகிராமே கற்றுக்கொண்டார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை வைத்து, காதாலேயே வேலை செய்வார். மற்றவர்கள் எழுதியதில் தவறு கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பழைய எடிட்டர் வெறும் எழுத்துதான் என்பதால் அவருக்கு ஒத்துப்போயிற்று.

"எழிலு," என்றார். "உன் புது எடிட்டரு எனக்கு ஒத்து வரலம்மா. மேனேஜர்கிட்ட சொன்னேன். பரவால்ல அந்தோணி, தைக்கு மேல ரிசப்ஷன்ல போன் எடுங்க, சம்பளம் அதேதான்னு சொல்லிட்டாரு."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த எடிட்டரில் பாதி நான் எழுதியது. எழுதும்போது ஒருநாளாவது அவர் பின்னால் போய் உட்கார்ந்தேனா? இல்லை. மூன்றே அறை தள்ளி இருந்தவர்.

அன்று மதியமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மேசையில் திரை அணைந்திருந்தது. அவருக்கு எதற்குத் திரை? கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தபடி, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக் கேட்க மட்டும் செய்தேன்.

ஸ்கிரீன் ரீடர் பேசும் வேகம் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. புரோகிராமை ஓர் ஆங்கிலக் குரல் படித்தது. எங்கள் பிழைச் செய்திகள் தமிழில் இருந்ததால் அவற்றை ஒரு தமிழ்ப் பெண்குரல் படித்தது. அண்ணா ஒரு சொல்லை அடித்தார். "பிழை" என்றது பெண்குரல். அடுத்த சொல்லை அடித்தார். "பிழை." ஒரு பிராக்கெட்டைத் திறந்தார். "பிழை. பிராக்கெட் இன்னும் மூடப்படவில்லை." நடுவில் சொற்பட்டியல் வேறு தானாகத் திறந்துகொண்டு பதினேழு பெயரை வரிசையாக ஒப்பித்தது. தாம் அடித்த எழுத்தை அவரால் கேட்கவே முடியவில்லை.

அவர் கையை எடுத்துவிட்டார். "பாத்தியாம்மா? நான் இன்னும் பேசி முடிக்கல. அதுக்குள்ள தப்பு, தப்புங்குது. எங்க மாமியாரு கூட இப்படி இல்ல."

சுலோச்சனா மேடத்தின் சட்டத்தை மீறி நான் சத்தமாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார். வேலை அங்கேதான் தொடங்கியது.

முதலில், எழுதுகிறவரின் கை நின்ற பிறகுதான் எடிட்டர் பிழை பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் பொறுப்பது? ஒரு நொடி வைத்தேன். அதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார். கால் நொடி வைத்தேன். ஒரு சொல்லை யோசிக்க நின்றாலே பாய்ந்தது. அரை நொடி சரியாக வந்தது. நிவேதா, நீ கேட்ட வரி இதுதான். கம்ப்யூட்டருக்கு அந்த அரை நொடி வீண் என்று உங்கள் ஏஐ சொல்வது சரி. காத்திருப்பு கம்ப்யூட்டருக்காக வைக்கப்பட்டது அல்ல.

அடுத்து ஒலி. பிழையுள்ள வரிக்கு வந்தால் பேச வேண்டாம், சின்னச் சத்தம் போதும் என்றார். கம்ப்யூட்டரில் இருந்த பீப் ஒலியைப் போட்டேன். "ஆம்புலன்ஸ் வந்துக்கினு இருக்குதா?" என்றார். மணியோசை வைத்தேன். "பூசை செய்யற மாதிரி இருக்குது. நான் சர்ச்சுக்குப் போறவன்." கடைசியில் டீ குடித்த எவர்சில்வர் டம்ளரை நகத்தால் ஒரு தட்டு தட்டிப் பதிவு செய்தோம். காலி டம்ளர் பிழைக்கு, பாதி நிறைந்த டம்ளர் எச்சரிக்கைக்கு. என்ன பிழை என்று தெரிய வேண்டுமென்றால் அவரே ஒரு விசையை அழுத்திக் கேட்டுக்கொள்வார்.

மூன்றாவதாக அவர் கேட்டது பெரிய விஷயம். "நீங்கல்லாம் ஒரு பார்வை பாத்தா எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும். திரும்பத் திரும்ப ஓடுற ஒரு லூப்புக்குள்ள ஒரு நிபந்தனை, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு தள்ளித் தள்ளி எழுதியிருப்பாங்க. எது எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு நான் பிராக்கெட்டை எண்ணிக்கினே வரணும். ஒண்ணு விட்டா போச்சு. நான் எங்க இருக்கேன்னு கேட்டா சொல்ற மாதிரி ஒரு விசை குடு."

அதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. பொது மேலாளரை அழைத்துக் காட்டினோம். அரை நொடி சரியாக வந்தது. டம்ளர் சரியாக ஒலித்தது. மேலாளர் தலையாட்டினார். அண்ணா ஒரு நிபந்தனையைப் பாதி எழுதிவிட்டு, புதிய விசையை அழுத்தினார். பெண்குரல் தெளிவாகச் சொன்னது: "நீங்கள் எங்கும் இல்லை."

அந்தோணி அண்ணாதான் முதலில் பேசினார்: "அதுக்கும் தெரிஞ்சுடுச்சு சார், நான் ரிசப்ஷனுக்குப் போறேன்னு."

மேலாளரே சிரித்துவிட்டார். ஆனால் எழுந்தார். "முயற்சி நல்ல முயற்சி. போன் வேலையும் நல்ல வேலைதான்," என்றார்.

சுலோச்சனா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம்?"

"அந்தோணி போன் எடுப்பாரு. மத்தவங்க எழுதின புரோகிராமை யாரு படிச்சு தப்பு சொல்வாங்க?"

மேலாளர் உட்கார்ந்தார். அடுத்த வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுத்தார்.

என்ன தவறு என்பது எனக்குத் தெரியும். மூடாத பிராக்கெட் ஒன்று இருந்தாலே, மொழியைப் படிக்கும் எங்கள் பகுதி அதைப் பிழை என்று சொல்லிவிட்டு, எது எதற்குள் இருக்கிறது என்பதில் குழம்பிக் கையை விரித்துவிடும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் எப்போதும் பாதியில்தானே இருக்கும்? அதை எப்படிச் சரிசெய்வது என்றுதான் தெரியவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அவரிடமே போய்க் கேட்டேன்: "அண்ணா, பாதியில நிக்கிற புரோகிராம்ல நீங்க எப்படி இடம் கண்டுபிடிக்கிறீங்க?"

"கடைசியா முழுசா கேட்டது ஞாபகம் இருக்கும்ல? அங்கருந்து எவ்ளோ தூரம் வந்திருக்கேன்னு பாப்பேன்," என்றார், இதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

நாற்காலியைக்கூட அங்கேயே விட்டுவிட்டு என் மேசைக்கு ஓடினேன். புரோகிராம் கடைசியாகப் பிழையில்லாமல் இருந்த நிலையை எடிட்டர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அடித்ததை மட்டும் அதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வியாழக்கிழமை மதியம் அண்ணா எப்படியெல்லாமோ பாதி பாதியாக எழுதி அதைக் குழப்பப் பார்த்தார். ஒருமுறைகூட அது 'எங்கும் இல்லை' என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் வந்தார். நாங்கள் தொடங்கும் முன், ஒரு தொழிற்சாலையிலிருந்து அவசரமாக போன் வந்தது. பெட்டிகளை நகர்த்தும் பட்டை, ஒவ்வொரு பெட்டிக்கும் நின்று நின்று போகிறதாம். பெட்டி சிக்கினால் மட்டும்தான் அது நிற்க வேண்டும். அந்தப் புரோகிராமைப் பெரிய திரையில் போட்டார்கள். நான், மேலாளர், வேறு இரண்டு பேர் என நான்கு ஜோடிக் கண்கள். சிக்கினால் நிறுத்து என்றுதான் எழுதியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

தம் மேசையில் அதே புரோகிராமைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தோணி அண்ணா, "'நிறுத்து' நிபந்தனைக்கு வெளிய இருக்குது சார்," என்றார்.

"இல்லியே அந்தோணி, உள்ளதான் இருக்குது. நல்லா பாரு..." என்று தொடங்கிய மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்க பாக்குறீங்க சார். நான் கேக்குறேன். அந்த அம்மா வெளியங்குது." விசையை இன்னொருமுறை, எல்லோர் காதிலும் விழும்படி அழுத்தினார்.

அந்த இடத்துக்குப் போய், நீளமான ஒரு வரியை வலது பக்கமாக நகர்த்திக்கொண்டே போனோம். திரையின் ஓரத்தையும் தாண்டி, வரியின் கடைசியில், மூடும் பிராக்கெட் ஒன்று ஒளிந்திருந்தது. நிபந்தனை அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்த வரியில் இருந்த 'நிறுத்து' உள்ளே தள்ளி எழுதியிருந்ததால், எங்கள் கண்ணுக்கு உள்ளே இருப்பதாகத் தெரிந்தது. நாங்கள் நான்கு பேரும் அழகாக ஏமாந்திருந்தோம்.

பிராக்கெட்டை இடம் மாற்றி அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் பட்டை ஓடுகிறது என்று தகவல் வந்தது. மேலாளர் போனை வைத்துவிட்டு, "அந்த விசை எது?" என்று கேட்டார். அண்ணா சொன்னார். மேலாளர் தாமே ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு, "ரிசப்ஷனுக்கு வேற ஆள் பாக்கணும்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். சுலோச்சனா மேடம் அவரைத் தடுக்கவில்லை. அவர் 'அப்புறம்' கேட்காமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தை பிறந்தது. எல்லோரும் புதிய எடிட்டருக்கு மாறினோம். கண் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணாவிடம் வந்து அந்த விசையைக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஒரே வாரத்தில் மாடி முழுக்க, "இரண்டாவது லூப்புக்குள், முதல் நிபந்தனைக்குள் இருக்கிறீர்கள்" என்ற குரல்தான். கீழே பட்டுக்கடைக்காரர் மேலேறி வந்து, "யாருங்க அந்தம்மா? நாள் பூரா எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு சொல்லிக்கினே இருக்காங்க. முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவங்க மேல மேல பாக்குறாங்க," என்று முறையிட்டார். அதன் பிறகு எல்லோருக்கும் ஹெட்போன் வாங்கினார்கள்.

அந்தோணி அண்ணாவை எங்கள் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டவர் அந்தோணி அண்ணாவேதான். முதல் நாள் ஒன்பது மணிக்கு வந்து, என் பக்கத்து மேசையைக் கையால் அளந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழிலு, எழுதிக்கோ. உன் எடிட்டர்ல மொத்தம் நாப்பத்தோரு குறை இருக்குது."

பேனாவைத் திறந்தேன். நான் ஆசை ஆசையாகச் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாகத் திட்டினார். மூன்றாவது குறைக்கு நான் சண்டைக்குப் போனேன். ஏழாவதுக்கு அவர் என்னைச் சிரிக்க வைத்தார். பன்னிரண்டாவதைக் கேட்டதும், இதை எப்படி இத்தனை வருஷம் யோசிக்காமல் விட்டோம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். சாப்பாட்டு மணி அடித்தது எங்கள் காதில் விழவில்லை. நாற்பத்தொன்று முடிந்ததும் பேனாவை மூடினேன்.

"ஏன் மூடிட்ட?" என்றார். "இது பொங்கலுக்கு முன்னாடி எடுத்த லிஸ்ட்டும்மா."